இருபதாவது டிஸ்க்

அத்தியாயம் 8

குத்தாலிங்கத்துக்கு வாய் ஓயாது என்பது தென்காசிக்கே தெரிந்த சங்கதி. துக்க வீட்டுக்குப் போனாலும் இரண்டு பேரைச் சிரிக்க வைத்துவிட்டு, அப்புறம் நாக்கைக் கடித்துக்கொள்கிற ஆள். அப்பேர்ப்பட்டவன் செவ்வாய்க்கிழமை சாயங்காலத்திலிருந்து ஒரே ஒரு விஷயத்தை நெஞ்சுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, சரியாகச் சோறு இறங்காமல் திரிந்தான்.

இன்று வியாழக்கிழமை. குற்றாலத்தில் மதியம் இரண்டரை மணி. வெளியே சாரல் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. சாரல் விலாஸ் லாட்ஜின் வரவேற்பு மேஜைக்கு அடியில் குனிந்து, டிஸ்க் கழற்றப்பட்ட கேமரா ரெக்கார்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் அவனுடைய முதலாளி ஆனந்தவள்ளி.

"உள்ள என்னக்கா இருக்கு?"

"தூசி."

"அப்பம் நம்ம ஆபீஸ் மாதிரிதான்."

ஆனந்தவள்ளி சிரிக்கவில்லை. பதினாறு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நஷ்டம் மதிப்பிட்டுக் கொடுத்தவள் அவள். எரிந்த குடோன்களையும் தண்ணீரில் முங்கிய லாரிகளையும் பார்த்துப் பார்த்து, எந்த மனிதன் எதை எவ்வளவுக்கு ஒத்துக்கொள்வான் என்பது அவளுக்கு அத்துப்படி. அந்த வேலையை உதறிவிட்டுத் தென்காசியில் ஓர் உரக்கடை மாடியில் துப்பறியும் நிலையம் போட்டு நாலு வருஷம் ஆகிறது. குத்தாலிங்கம் அங்கே உதவியாளன், டிரைவர், டீ வாங்குகிறவன் எல்லாம். சம்பளம் மட்டும் ஒன்று.

இந்த வழக்கு குத்தாலிங்கம் கொண்டுவந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் முக்காலியில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற உலகம்மை, அவனுக்குச் சொந்தச் சித்தி.

சீசன் நாளில் அருவிக்குப் போகிற பெண்கள் கழுத்தில் கிடப்பதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவார்கள். தண்ணீர் விழுகிற வேகத்தில் சங்கிலி அறுந்தால் தேடி எடுக்க முடியாது. சாரல் விலாஸில் அதை வாங்கி வைப்பவள் உலகம்மை. ஒரு துணிப்பையைக் கொடுப்பாள். "முடிச்ச நீங்களே போடுங்க. வந்து நீங்களே அவுத்துக்கிடுங்க," என்பாள். சீட்டு கிடையாது, நம்பர் கிடையாது. அவரவர் போட்ட முடிச்சு அவரவருக்குத் தெரியும். பதினெட்டு சீசனில் ஒரு குண்டுமணி தொலைந்தது கிடையாது.

போன சனிக்கிழமை தொலைந்தது. நாலு மணி சுமாருக்கு ஆலங்குளத்துக் குடும்பம் ஒன்று பதினோரு பவுன் ஆரத்தைப் பையில் முடிந்து கொடுத்துவிட்டு ஐந்தருவிக்குப் போனது. பையை அலமாரியில் வைக்கப்போகும் நேரம் காற்றில் கரண்டு போயிற்று. வழக்கம்போல உலகம்மை பையை மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டு, பின்கட்டுக்குப் போய் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு வந்தாள். நாலு நிமிஷம் இருக்கும். திரும்பி வந்தால் டிராயர் காலி.

மேஜைக்கு மேலே கேமரா இருக்கிறது. கரண்டு போவதற்கு முந்திய நிமிஷம் கூடத்தில் யார் நின்றார்கள் என்று தெரிந்தால் போதும். ஆனால் டிஸ்கைக் கழற்றிப் பார்த்த கம்ப்யூட்டர் கடைக்காரன், கரண்டு போனதில் மொத்தப் பதிவும் அழிந்துவிட்டது என்று சொல்லிவிட்டான்.

"ஆறு மணி வரைக்கும் பொறுக்கேன்," என்றார் லாட்ஜ் முதலாளி சிவனணைந்தபெருமாள். "அதுக்கு மேல என்னால முடியாது. ஆலங்குளத்துக்காரவ ஸ்டேஷன்ல எழுதிக் கொடுன்னு கழுத்துல கத்தி வைக்காவ. உலகம்மை பேரைத்தான் எழுதணும். வேற யாரு பேரை எழுத?"

உலகம்மை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் சேலைத் தலைப்பு ஈரமாக இருந்தது. சாரலா, வேறெதுவுமா என்று பார்க்க குத்தாலிங்கத்துக்குத் தைரியம் வரவில்லை.

ஆனந்தவள்ளி எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "அண்ணாச்சி, அந்த டிஸ்க் என்ன வெலைக்கு வாங்குனிய?"

சிவனணைந்தபெருமாள் நெஞ்சைத் தடவிக்கொண்டு சொன்னார். "பத்தொன்பதாயிரம்."

"சாதா டிஸ்க்கு?"

"ஒம்பது."

கடித்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று கடலை மிட்டாயைச் சப்பிச் சாப்பிடுகிற மனிதர் அவர். குத்தாலிங்கத்தால் சும்மா இருக்க முடியவில்லை. "அன்னைக்கு உங்களுக்குக் காய்ச்சல் எதும் அடிச்சிச்சா அண்ணாச்சி?"

"ஏலே, நான் யோசிச்சுத்தான் வாங்குனேன். ரெக்கார்டருக்கு இருந்த பேட்டரி செத்துப் போச்சு. புதுசு எட்டாயிரம். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும். கம்ப்யூட்டர் கடை விஜய்பாண்டி சொன்னான், இந்த டிஸ்க்குக்குப் பேட்டரியே வேண்டாம், உள்ளயே துளிக் கரண்டைச் சேத்து வச்சிருக்கும், வெளிய கரண்டு போனா கையில இருக்கதை எழுதி முடிச்சிட்டுத்தான் கண்ணை மூடும்னு. பத்து வருஷத்துக்குப் பாத்தா டிஸ்க்குதான் லாபம். பக்கத்து லாட்ஜ்காரன் சிரிச்சான். கண்ணுக்குத் தெரியாத சாமானுக்கு ரெட்டை வெலையான்னு. அவன் சிரிச்சது சரியாப் போச்சு பாத்தியளா?"

"அப்படி எழுதி முடிக்கிற டிஸ்க்குன்னா அழியக் கூடாதுல்லா?" என்றாள் ஆனந்தவள்ளி.

"அதைத்தான் நானும் கேட்டேன். டிஸ்க்கே பழுது, கம்பெனிக்கு அனுப்பணும்னு விஜய்பாண்டி எடுத்துட்டுப் போயிட்டான்."

விஜய்பாண்டி என்ற பெயர் இரண்டாம் தடவை காதில் விழுந்ததும் குத்தாலிங்கம் வாசல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தான். ஆனந்தவள்ளி அவனைப் பார்த்தாள்.

தென்காசிக்குத் திரும்பும் வழியில், மேலகரத்தில் டீக்கடையைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இரண்டு டீ வந்தது. குத்தாலிங்கம் கிளாஸை வாயில் வைக்கும் வரை பொறுத்திருந்தாள்.

"ரெண்டு நாளா நீ அடிக்கிற ஜோக்கு ஒண்ணும் வெளங்கலியே. என்னத்தலே மறைக்கே?"

டீ புரை ஏறிவிட்டது. இருமி முடிப்பதற்குள் பொய் ஒன்று தயாராகிவிடும் என்று பார்த்தான். ஆகவில்லை. சொல்லிவிட்டான்.

விஜய்பாண்டியும் அவனும் இலத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். மத்தியானச் சோறு இரண்டு பேருக்கும் உலகம்மை வீட்டில்தான். குத்தாலிங்கத்தின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாளும் கூடவே படுத்துக் கிடந்தவன் விஜய்பாண்டி. செவ்வாய்க்கிழமை அவன் கடைக்குப் போனபோது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு அழுதானாம்.

"அவன் அண்ணாச்சிக்குக் கொடுத்தது ஒரிஜினல் இல்லக்கா. சாதா டிஸ்க்கு. மேல ஸ்டிக்கர் மட்டும் காஸ்ட்லி. எனக்கு எடுத்துக் காட்டினான், ஸ்டிக்கர் பாதி உரிஞ்சு கெடந்துச்சு. சாதா டிஸ்க்குங்கவும் கரண்டு போனதுல செத்துப் போச்சு."

"ஏன் அப்படிச் செஞ்சானாம்?"

"சீசனுக்கு லாட்ஜ்காரங்க எல்லாம் வாங்குவாங்கன்னு நம்பி இருபது டிஸ்க் எடுத்திருக்கான். திருப்பி எடுத்துக்கிட மாட்டாங்களாம். ஒருத்தனும் வாங்கல. முழி பிதுங்கிட்டு. அந்த வயித்தெரிச்சல்ல அண்ணாச்சிக்கு டூப்ளிகேட்டைத் தள்ளிட்டேன், வெளிய தெரிஞ்சா கடை போச்சு மாப்ளேன்னு அழுதான். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு கையில அடிச்சுக் கொடுத்துட்டேன். சொன்னா மட்டும் சித்திக்கு என்ன ஆகப்போகுது, அழிஞ்ச படம் திரும்பியா வரும்? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

ஆனந்தவள்ளி கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"குத்தாலம், ஒனக்கு ஒரு கடை இருக்குன்னு வச்சுக்கோ. இருபது மாம்பழப் பெட்டி தேங்கிக் கெடக்கு. திருப்பியும் கொடுக்க முடியாது. ஊர்ல ஒரே ஒரு ஆளு, கேட்ட வெலையைக் கொடுத்து ஒரு பெட்டி வாங்க வாரான். நீ என்ன செய்வே?"

"கால்ல விழுந்து கொடுப்பேன்."

"பெட்டியை உள்ள ஒளிச்சு வச்சுட்டு, வேற பழத்துல ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பியா?"

"யாராவது அப்படிக் கொடுப்பாங்களாக்கா?"

"தேங்கின சரக்கு தொலைஞ்சாப் போதும்னுதான் எவனும் நெனைப்பான். போலியை விக்குதவன் கடையில நல்ல சாமான் இருபது ஏன் கெடக்கு? நல்ல சாமானை வாங்கிப் போட்டவன்தான் நொடிச்சுப் போயிருக்கான்."

"அவசரத்துல புத்தி கெட்டிருக்கும்கா."

"சரி. அந்தக் குரங்குப் படம் ஒன் போன்ல இருக்கா?"

இருந்தது. ஜூன் மாசக் கடைசியில் குத்தாலிங்கம் மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு, ஊரே சிரித்த படம். சாரல் விலாஸ் மேஜை மேல் ஏறி ஒரு குரங்கு ரம்புட்டான் பொட்டலத்தை எடுக்கிறது. மேலே விளக்கு ஒரு தரம் மங்குகிறது, இன்னொரு தரம் மங்குகிறது. குரங்கு பழத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்து விளக்கை அண்ணாந்து பார்க்கிறது. அத்தோடு சரி. 'கரண்டு பில் பார்த்து அதிர்ந்த குரங்கார்' என்று தலைப்பு கொடுத்தது குத்தாலிங்கம்தான்.

"இது அண்ணாச்சி ரெக்கார்டர்ல இருந்துதான வந்துச்சு? இந்த டிஸ்க் போட்ட பிறகா?"

"ஆமா. சித்திதான் அனுப்புனா."

"ஏன் அந்த எடத்துல முடியுது?"

"கரண்டு போயிட்டுல்லா. அதுதான அதுல காமெடியே."

"சாதா டிஸ்க்கா இருந்தா இந்தக் காமெடி ஒனக்குக் கெடச்சிருக்காது. வந்ததை எல்லாம் அஞ்சாறு நொடி மடியில வச்சிருந்து, அப்புறந்தான் அது எழுதி வைக்கும். கரண்டு போனா மடியில இருக்கது போச்சு. குரங்கு பழத்தைத் தொட்டதோட படம் நின்னிருக்கும். இது கடைசி மூச்சு வரைக்கும் எழுதிருக்கு பாரு."

குத்தாலிங்கத்துக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. கிளாஸிலிருந்த டீ சட்டையில் கொட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை. "அப்பம் அது ஒரிஜினல்! அக்கா, அவன் ஏமாத்தல! நான் நெனைச்சேன், விஜய் அப்படிச் செய்யுத ஆளே இல்லைன்னு! நல்லவன்க்கா அவன்!"

இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. டீக்கடைக்காரருக்குக்கூட நல்ல வார்த்தை சொல்லத் தோன்றியது. ஆனந்தவள்ளி பேசாமல் இருந்தாள். பேசாமல் இருக்கிறாளே என்று அவள் முகத்தைப் பார்த்தபோதுதான், அடுத்த கேள்வி அவன் வாயிலிருந்தே வந்தது.

"அப்பம்... ஏமாத்துனேன்னு ஏன் அழுதான்?"

"குடோன்ல சரக்கே இல்லாம தீ வச்சவன் எங்கிட்ட வந்து, 'பீடி குடிச்சேன் மேடம், பொறி விழுந்துட்டு'ன்னு அழுதிருக்கான். கவனக்குறைவு சின்னக் குத்தம். அதை ஒத்துக்கிட்டா, நம்ம அதுக்கு மேல தோண்ட மாட்டோம். மலிவான குத்தத்தைக் கொடுத்து, வெலை கூடின குத்தத்தைக் காப்பாத்திக்கிடுதது."

"என்ன பெரிய குத்தம்?"

"அந்த வெலைக்கு இன்னொரு வசதியும் கூட வருது. எழுதுதது எல்லாத்தையும் உள்ளயே பூட்டித்தான் எழுதும். அந்தப் பூட்டோட சாவியை மட்டும் அழிச்சாப் போதும், மொத்தமும் ஒரு நொடியில குப்பை. பெரிய கம்பெனிக்காரங்களுக்கு ரெண்டு வசதியும் வேணும். அதனால ஜோடி சேத்துத்தான் விப்பான், ஒண்ணைத் தனியாக் கேட்டாத் தர மாட்டான். அண்ணாச்சி கரண்டுக்குப் பயந்து காசு கொடுத்தாரு. ரெண்டாவது வசதி இருக்கதே அவருக்குத் தெரியாது. தெரிஞ்ச ஒரே ஆளு, வித்தவன். அதுக்கும் டிஸ்க் மேல ஒட்டிருக்க நீள நம்பரைப் பாத்து அடிக்கணும். டிஸ்க்கைக் கழத்திக் கையில எடுத்தது யாரு?"

குத்தாலிங்கம் டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தான். வண்டியை அவன்தான் ஓட்டினான். தென்காசி வரும் வரை ஹாரன்கூட அடிக்கவில்லை.

விஜய்பாண்டியின் கடை ரத வீதியில் இருக்கிறது. மணி நாலு இருபது. கண்ணாடி மேஜைக்குப் பின்னால் மடிக்கணினி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தவன் இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வாங்கக்கா. வாலே மாப்ளே. என்ன சட்டையெல்லாம் டீ?"

"ஆபீஸுக்கு ஒரு டிஸ்க் வேணும்," என்றாள் ஆனந்தவள்ளி. "கரண்டு போனாலும் எழுதுமே, அது."

அவன் முகத்தில் வந்த வெளிச்சம் நிஜமானது. அதுதான் கொடுமை. அந்த டிஸ்கைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் வர மாட்டாரா என்று எத்தனை நாள் காத்திருந்தானோ, எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டான்.

"இதோட சூட்சுமம் ஒருத்தருக்கும் புரிய மாட்டேங்குக்கா. உள்ள கூடுதலா இருக்க சாமான் முந்நூறு ரூவா கூடப் பெறாது. ஆனா பத்தாயிரம் கூட வச்சு விக்கான். ஏன்னா இது தேவைப்படுதவன் பேங்க்காரன், ஆஸ்பத்திரிக்காரன். அவனுக்கு ஒரு நொடி போனாக்கூட லட்சக்கணக்குல நட்டம். சாமானுக்கு வெலை இல்லக்கா, அவன் பயத்துக்குத்தான் வெலை. நம்ம ஊர்ல மட்டும் கரண்டு போகலியா? லாட்ஜ் லாட்ஜா ஏறி இறங்கினேன். கெட்டுப்போகும் முன்னால எவனுக்கும் பயம் வரல, வெலையைக் கேட்டுச் சிரிக்கான்."

"எத்தனை கெடக்கு?"

"இருபதும் கெடக்கு." அண்ணாந்து மேல் தட்டைக் காட்டினான். "ஒண்ணு கூட வெளிய போகல."

"குத்தாலம், ஏறி எண்ணு."

விஜய்பாண்டியின் கை மடிக்கணினி மேல் அப்படியே நின்றது. "எதுக்குக்கா எண்ணிக்கிட்டு..."

குத்தாலிங்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். நீல நிறச் சின்னப் பெட்டிகள், தூசி படிந்து, முத்திரை பிரிக்காமல் இருந்தன. ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு எண்ணினான். இருபது வந்துவிட வேண்டும் என்று குற்றாலநாதரை வேண்டிக்கொண்டே எண்ணினான். வந்துவிட்டால் இவன் வெறும் திருட்டு வியாபாரி. அதுவே போதும், அதை மன்னித்துவிடலாம் என்று இருந்தது.

பத்தொன்பது.

பின்வரிசையில் கையை விட்டுத் துழாவினான். சுவர்தான் தட்டுப்பட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினான். பத்தொன்பதுதான்.

"அண்ணாச்சிக்குப் போலியைக் கொடுத்திருந்தா இங்கன இருபது இருக்கணும் தம்பி," என்றாள் ஆனந்தவள்ளி. "இருபதாவது டிஸ்க் எங்க?"

குத்தாலிங்கம் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. மேலேயிருந்து பார்த்தபோது விஜய்பாண்டியின் உச்சந்தலையில் முடி கொட்டியிருப்பது தெரிந்தது. இத்தனை நாள் கவனித்ததில்லை.

"நீ உண்மையாவே நல்ல டிஸ்க்கைத்தான்லே கொடுத்திருக்கே," என்றான் குத்தாலிங்கம். அவன் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. "ஒழுங்கா வியாபாரம் பண்ணிட்டு, திருட்டுத்தனம் பண்ணுனேன்னு எங்கிட்ட ஏம்லே அழுதே?"

விஜய்பாண்டி உட்கார்ந்துவிட்டான். அப்புறம் எல்லாம் கொட்டியது. சனிக்கிழமை, அண்ணாச்சியின் இன்னொரு லாட்ஜுக்கும் டிஸ்க் வாங்கச் சொல்லிப் பார்க்கலாமென்று போயிருக்கிறான். மழைக்கோட்டோடு கூடத்துக்குள் நுழையும்போது விளக்கு மங்கிற்று. தூண் ஓரத்தில் நின்றவனை உலகம்மை பார்க்கவில்லை. பையை டிராயருக்குள் போட்டுவிட்டு அவசரமாகப் பின்கட்டுக்குப் போனாள். டிஸ்கில் முடங்கிய பணம் நினைவுக்கு வர, அவன் பையை எடுத்து மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டான்.

"இருட்டுல கேமரா செத்துருக்கும்னு நெனைச்சேன். வீட்டுக்கு வந்த பெறகுதான் உறைச்சுது. நான் வித்த டிஸ்க்குல்லா அது. கரண்டு போற நொடி வரைக்கும் எழுதி வச்சிருக்கும், நான் உள்ள வந்தது, நின்னது, எல்லாம். நல்லவேளையா அண்ணாச்சியே கூப்பிட்டாரு, படத்தை எடுத்துக் கொடுன்னு. கழத்தி, நம்பரை அடிச்சேன். ஒரு நொடிதான்."

"ஒரு நொடிதான்," என்றாள் ஆனந்தவள்ளி. "பதினெட்டு வருஷப் பேரு."

"பை எங்க?" என்றான் குத்தாலிங்கம்.

விஜய்பாண்டி மேஜையின் கீழ் டிராயரைத் திறந்தான். நீலப் பெட்டி ஒன்று, முத்திரை பிரித்தது. உள்ளே டிஸ்க் இல்லை. துணிப்பை மடங்கிக் கிடந்தது. ஆலங்குளத்து அம்மா போட்ட முடிச்சு, இறுக்கம் குலையாமல் அப்படியே இருந்தது.

"அவுக்க மனசு வரலலே மாப்ளே. சித்தி மொகம் வந்து நிக்குது."

"மொகம் வந்து நின்னுச்சா?" குத்தாலிங்கம் ஸ்டூலிலிருந்து இறங்கினான். "அஞ்சு நாளா நின்னுச்சா? நின்னும் ராத்திரி தூங்கினியா?"

"தப்புதான்லே. ஆனா எங்கிட்ட ஒரு வழி இருக்கு." விஜய்பாண்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். செவ்வாய்க்கிழமை பிடித்த அதே பிடி. "பையைக் கொண்டு போயி அந்த அலமாரிக்குப் பின்னால போட்டுருவோம். தேடுதப்போ கெடச்ச மாதிரி இருக்கும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது. அக்காகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லு. நீ வாயைத் தொறக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும் மாப்ளே. அன்னைக்கும் அதை நம்பித்தான ஒங்கிட்ட வந்து சொன்னேன்."

குத்தாலிங்கத்துக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. அழுகை, பாதி இறக்கிய ஷட்டர், உரிந்த ஸ்டிக்கர் எல்லாம் அவனுக்காகவே தயார் செய்தது. துப்பறியும் நிலையத்திலேயே ஓர் ஆளை வாயைக் கட்டி உட்கார வைக்க, அவனுடைய சிநேகம்தான் சல்லிசாகக் கிடைத்திருக்கிறது. அடித்துவிடலாம் போல் கை பரபரத்தது. அடித்தால் அழுதுவிடுவோம் என்று பயமாகவும் இருந்தது.

"பை கெடச்சா, உலகம்மைதான் பயந்து போட்டுட்டான்னு ஊரு சொல்லும் தம்பி," என்றாள் ஆனந்தவள்ளி. அதற்குள் லாட்ஜுக்குப் போன் போட்டுவிட்டாள். "அண்ணாச்சி, பேனாவைக் கீழ வைங்க. பை கெடச்சிட்டு. எடுத்தவனையும் கூட்டிட்டு வாரேன். உலகம்மை பேரை எங்கயும் எழுதப்படாது."

"சித்திக்கு நீயே சொல்லு," என்றான் குத்தாலிங்கம்.

"மாப்ளே, வேண்டாம்லே. போலீஸ்கிட்ட வேணா சொல்லுதேன். அவகிட்ட மட்டும்..."

குத்தாலிங்கம் நம்பரை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு, போனை அவன் வாய்க்கு நேரே நீட்டினான்.

"குத்தாலமா?" உலகம்மையின் குரல் கம்மியிருந்தது.

"சித்தி, விஜய் பேசுதான்."

"விஜயா... ஏய்யா, நீ மனசை விட்டுராதே. அண்ணாச்சி ஒன்னைக் கண்டபடி வஞ்சுட்டாராமே. டிஸ்க் கெட்டுப் போனதுக்கு நீ என்னய்யா செய்வே? நான்தான் டிராயரைப் பூட்டாமப் போனது. ஒன் கடைக்குக் கெட்ட பேரு வந்திரப்படாதேன்னு நான் அவருகிட்ட எத்தனையோ சொன்னேன்."

விஜய்பாண்டி வாயைப் பொத்திக்கொண்டான். குத்தாலிங்கம் அந்தக் கையைப் பிடித்து இறக்கினான்.

"சித்தி... பையை நான்தான் எடுத்தேன்."

மறுமுனையில் லாட்ஜ் கூரையில் மழை விழுவது மட்டும் கேட்டது. விஜய்பாண்டி இன்னும் என்னவோ சொன்னான், மன்னிச்சுரு என்றான், புத்தி கெட்டுப் போச்சு என்றான். கடைசியில் அவள் கேட்டது வேறு.

"குத்தாலம் பக்கத்துல நிக்கானா?"

"நிக்கேன் சித்தி."

"செவ்வாக்கிழமை ராத்திரி வந்து தலையைக் குனிஞ்சிக்கிட்டே உக்காந்திருந்தியே. அப்பமே ஒனக்கு எதும் தெரியுமா?"

இப்போதுதான் தெரியும் என்று சொல்லிவிடலாம். அது பெரும்பாலும் உண்மைதான். ஆனந்தவள்ளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இது தெரியாது சித்தி. வேற ஒரு பொய்யைச் சொன்னான், நம்பிட்டேன். யாருகிட்டயும் சொல்லாதேன்னான். அக்காகிட்டக்கூடச் சொல்லாம மறைச்சிட்டேன். அன்னைக்கே சொல்லிருந்தா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பாவ."

"ரெண்டு நாளு." அவள் நிதானமாகத்தான் கேட்டாள். "எனக்கு எதும் ஆயிரக் கூடாதேன்னு மறைச்சியாய்யா?"

"இல்ல சித்தி. இவனுக்காக."

உலகம்மை போனை வைத்துவிட்டாள். குத்தாலிங்கம் உடனே திரும்பக் கூப்பிட்டான். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது, அவள் எடுக்கவில்லை.